ஊர் அணியும் ஊர் மேளமும்

(பெங்களூரில் தமிழ் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கால்பந்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பந்தைப் பற்றிப் பாதியும் மேளத்தைப் பற்றிப் பாதியும் பேசப்போகிறேன். சின்ன வயதில் இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் அறிமுகம். கிரவுண்டுக்குப் போகிற வழியிலேயே தமட்டைச் சத்தம் கேட்கும். சத்தம் வந்த பக்கமாக நடந்தால் அங்கே மேட்ச் நடந்துகொண்டிருக்கும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் கால்பந்தில் வாங்கிய கோப்பைகளுக்குக் கணக்கு இருக்கிறது. எந்த வருடம், யாரை எதிர்த்து, எத்தனை கோல் என்று தேடுகிறவனுக்குக் கிடைக்கும். அந்த ஆட்டங்களின் ஓரத்தில் முழங்கிய மேளத்துக்கும் பாடிய பாட்டுக்கும் எங்கேயும் கணக்கு இல்லை. ஆனால் அணி யாருடையது என்பதற்கான சாட்சி அந்த இசையில்தான் இருந்தது. வாசித்தவர்களும் கேட்டவர்களும் நம்மோடு இருக்கும்போதே அதை எழுதி வைத்துவிட வேண்டும். இனி நான் பேசப்போவதெல்லாம் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான்.

தண்டில் வளர்ந்த ஆட்டம்

1809-ல் ஆங்கிலேயர்கள் இங்கே ராணுவக் குடியிருப்பை அமைத்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் அதைத் 'தண்டு' என்பார்கள். பட்டாளம் வந்தால் அதற்குச் சமைக்க, தைக்க, கட்ட, குதிரை பார்க்க, மூட்டை சுமக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களில் பெரும் பகுதி ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் மற்றத் தமிழ் ஜில்லாக்களிலிருந்தும் வந்தவர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு 1834-ல் இங்கே வந்தது. இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதன் சிப்பாய்களைப் பட்டாளமே 'தம்பி' என்றுதான் கூப்பிடும். நம் மொழியின் ஓர் உறவுப் பெயர் ராணுவத்தில் ஒரு படையின் பெயராகவே நின்றுவிட்ட ஊர் இது.

பட்டாளம் இருந்தால் கவாத்துத் திடல் இருக்கும். திடல் இருந்தால் மாலையில் துரைமார் பந்து உதைப்பார்கள். ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்ட பையன்களை, ஆள் குறைந்த நாளில் உள்ளே கூப்பிட்டார்கள் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். பொறுக்கிப் போட்டவர்களின் பிள்ளைகள் பின்னால் என்ன செய்தார்கள் என்பது பதிவில் இருக்கிறது.

பம்பாயில் 1891-ல் தொடங்கியது ரோவர்ஸ் கோப்பை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது வெள்ளைக்காரப் பட்டாளங்களின் கையை விட்டுப் போகவே இல்லை. 1937-ல் அதை வென்ற முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். மறு வருடமும் அவர்களே வென்றார்கள். 1948-ல் மூன்றாம் முறையும் வென்றார்கள்.

அதே 1948-ல், ஜூலை 31 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பெரும்பாலானவர்கள் காலில் பூட்ஸ் இல்லை. கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் தவறவிட்டு, 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். நான்கு வருடம் கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடிவாங்கினோம். அந்த ஒரு கோலைப் போட்டவர் அகமது கான், அவரும் பெங்களூர்க்காரர். சுதந்திர இந்தியா ஆடிய முதல் இரண்டு ஒலிம்பிக்கிலும் சேர்த்து நாடு போட்டது இரண்டே கோல். இரண்டும் நம் ஊர் ஆட்கள் போட்டவை. ஹெல்சிங்கியில் ஆடிய துளுக்கானம் சண்முகமும் இதே ஊர்க்காரர்தான்.

அகமது கான் 1949-ல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். அங்கே வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே என்ற ஐந்து முன்கள வீரர்களையும் வங்காளிகள் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடினார்கள். ஐவரும் தென்னாட்டார். அவர்களில் தனராஜும் அகமது கானும் நம் ஊர்ப் பிள்ளைகள். பிறகு 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தபோது அணியில் கெம்பையா இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றபோது அருமைநாயகம் இருந்தார்.

மாநிலங்களுக்கான சந்தோஷ் கோப்பையை மைசூர் அணி நான்கு முறை வென்றது: 1946-47, 1952-53, 1967-68, 1968-69. நான்கு இறுதிப் போட்டியிலும் எதிரில் நின்றது வங்காளம். மைசூர் என்று பெயர் இருந்தாலும் அந்த அணியின் கால்கள் பெரும்பாலும் பெங்களூர்த் தண்டின் கால்கள்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. இனி ஏட்டில் இல்லாததற்கு வருகிறேன்.

நான்கு திசையிலிருந்து வந்த இசை

என் தகப்பனார் ஆலைத் தொழிலாளி. நாங்கள் இருந்தது அல்சூரின் உள்தெருக்களில், கௌதமபுரத்துக்குப் பக்கத்தில். எங்கள் தெருவுக்கென்று ஓர் அணி இருந்தது. சட்டை நிறம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஏனென்றால் ஒரே துணியைப் பல வீட்டில் வேறு வேறு சாயத்தில் முக்கியிருப்பார்கள். அந்த அணியில் நன்றாக ஆடுகிறவனை ஆலை அணி எடுத்துக்கொள்ளும். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. என்ற பெயர்களை விமானமும் டெலிபோனும் செய்கிற இடங்களாக நாங்கள் அறியவில்லை. கால்பந்து அணிகளாகத்தான் அறிந்தோம். பந்து ஆடத் தெரிந்தால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் வீட்டில் அடுப்பு அணையாது. ஆகவே தாய்மார்கள் பிள்ளை பந்து விளையாடுவதைத் திட்டுவதில்லை. பந்து விளையாடாமல் ஊர் சுற்றினால்தான் திட்டு.

அந்த அணியோடு கூடவே போனது மேளம். அது ஒரே இடத்து இசை இல்லை. நான்கு திசையிலிருந்து வந்து எங்கள் கிரவுண்டில் சேர்ந்தது.

முதலாவது தமட்டை. தமிழ்நாட்டில் பறை என்றும் தப்பு என்றும் சொல்வதுதான். மேட்ச் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் கிரவுண்டின் மூலையில் காகிதமும் சருகும் போட்டுத் தீ மூட்டுவார்கள். தோலைத் தீயில் காட்டிக் காட்டித் தட்டிப் பார்ப்பார்கள். மந்தமாக ஒலித்த தோல் சூடேறச் சூடேறக் கணீரென்று பேசத் தொடங்கும். நாங்கள் பையன்கள் அந்தத் தீயைச் சுற்றித்தான் நிற்போம். சுண்டுக்குச்சி ஒரு கையில், அடிக்குச்சி மறு கையில். கார்னர் கிடைத்தால் ஒரு அடி. எதிரணி பெனால்டி அடிக்கப் போனால் அவன் கவனம் கலைய விட்டு விட்டு ஒரு அடி. கோல் விழுந்தால் அம்மன் கூழ் ஊற்றும்போது சாமி வருவதற்கு அடிக்கிற அதே அடி. அந்த அடிக்கு உண்மையாகவே சிலருக்கு அருள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கோல்கீப்பரின் பாட்டி அதில் ஒருவர்.

இரண்டாவது பட்டாளத்து பேண்டு. சாப்பர்ஸ் முகாமில் காலையில் பேண்டு பழகுகிற சத்தம் தெருவரைக்கும் வரும். அங்கே டிரம்பெட்டும் கிளாரினெட்டும் வாசித்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அணிக்கு வாசிப்பார். தொடை வரைக்கும் காக்கி, கையில் பித்தளை, வாயில் வெற்றிலை இல்லை. வெற்றிலை போட்டால் ஊத முடியாது என்பதால் மேட்ச் நாளில் அவர் காலையிலிருந்தே போடமாட்டார். ஆட்டம் தொடங்குமுன் அணி வரிசையாக நிற்கும்போது அவர் கவாத்து இசை ஒன்றை ஊதுவார். காலில் செருப்புகூட இல்லாத எங்கள் அண்ணன்மார் அந்த இசைக்கு ராணுவத் தளபதிகள் மாதிரி நடந்து வருவார்கள்.

மூன்றாவது கல்யாண பேண்டும் மாதா கோயில் பேண்டும். சிவாஜிநகர் பக்கத்தில் பேண்டு செட்காரர்கள் கடை வைத்திருந்தார்கள். செப்டம்பர் 8-ந் தேதி மாதா திருவிழாத் தேருக்கு வாசிக்கிறவர்கள், முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கிறவர்கள், மேட்ச் நாளில் கூலி பேசாமல் வருவார்கள். அவர்களால்தான் சினிமா மெட்டு கிரவுண்டுக்குள் வந்தது. அந்த வாரம் அல்சூர்க் கொட்டகையில் எந்தப் படம் ஓடுகிறதோ அதன் பாட்டு மெட்டில், வார்த்தைகளை எடுத்துவிட்டு எங்கள் சென்டர் ஃபார்வர்டு பெயரை வைத்துக் கட்டிவிடுவார்கள். எம்.ஜி.ஆர். மெட்டில் வைத்தால் சிவாஜி ரசிகனான எங்கள் பேக்குக்குக் கோபம் வரும். அவனுக்கு வேறு மெட்டில் தனிப் பாட்டு கட்ட வேண்டும். ரெஃப்ரிக்கும் பாட்டு உண்டு. அதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

நான்காவது கூட்டத்தின் குரல். ஒரு கார்னருக்கு 'அடிடா' என்று தமிழில் ஒருவன், 'ஹொடியோ' என்று கன்னடத்தில் ஒருவன், 'மாரோ' என்று உருதுவில் ஒருவன், 'கொட்டரா' என்று தெலுங்கில் ஒருவன், 'ஷூட் மேன்' என்று ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர். ஐந்து மொழியும் ஒரே மூச்சில் வரும். அத்தனை பேருக்கும் தாளம் கொடுத்தது எங்கள் தமட்டை. இந்த ஊரில் மொழியின் பெயரால் கசப்பு வந்த வருடங்களும் உண்டு. அதைப் பெரியவர்கள் அறிவார்கள். கிரவுண்டின் ஓரத்தில் மட்டும் எந்த மொழியில் கத்தினாலும் பந்துக்குப் புரிந்தது.

தெருவில் கேட்ட தீர்ப்பு

என் அம்மா ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் அதிகம் கிரவுண்டுக்குப் போவதில்லை. ஆனால் நாங்கள் வீடு வந்து சேருமுன்னே முடிவு அம்மாவுக்குத் தெரியும். தெருமுனையில் தமட்டை வேகமாக அடித்துக்கொண்டு வந்தால் ஜெயித்தாச்சு. நிதானமாக அடித்துக்கொண்டு வந்தால் டிரா. சத்தமே இல்லாமல் பிள்ளைகள் மட்டும் வந்தால் தோல்வி. ஜெயித்த நாளில் தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள். கோல் போட்டவன் நெற்றியில் குங்குமம், மேளக்காரர் நெற்றியிலும் குங்குமம்.

அந்த இரண்டாவது குங்குமத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும்.

பறை அடிக்கிறவருக்கு நம் சமூகம் என்ன இடம் கொடுத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டு வாசலில் நின்று அடிக்க வேண்டும், உள்ளே வரக் கூடாது. கோயில் திருவிழாவுக்கு முன்னால் போய் அடிக்க வேண்டும், சன்னதிக்கு வரக் கூடாது. அதே தோல், அதே குச்சி, அதே மனிதர். கால்பந்து மைதானத்தில் அவர் நடுவில் நின்றார். கோல் விழுந்தால் போட்டவனைத் தூக்கிய தோள்கள் அவரையும் தூக்கின. தலித் மக்களின் இசை முழுக் கௌரவத்தோடு பொது இடத்தில் முழங்கியதை நான் என் வாழ்க்கையில் முதன்முதலில் பார்த்தது எந்த மேடையிலும் இல்லை, ஒரு புழுதிக் கிரவுண்டில்.

இதைச் சொல்லி நான் அந்தக் காலத்துக்கு வெள்ளையடிக்கவில்லை. மறுநாள் காலை அவர் மறுபடியும் சாவுக்கு அடிக்கப் போவார், வாசலுக்கு வெளியேதான் நிற்பார். கிரவுண்டு கொடுத்த மரியாதை விசில் ஊதியதும் பாதி குறைந்துவிடும். ஆனால் ஒரு மனிதர் வாரத்தில் ஒரு மாலையாவது நிமிர்ந்து நின்றதைப் பார்த்த பிள்ளைகள் நாங்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் பின்னால் வாசலுக்கு வெளியே நிற்க மறுத்தார்கள். கௌதமபுரத்துக்குப் போனால் நுழைகிற இடத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரோடு பெலேவுக்கும் சிலை வைத்திருப்பதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் அதை வேடிக்கை என்று போட்டோ பிடிக்கிறார்கள். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. தலை நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்தவர்களை ஒரு தெரு வரிசையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

1968-69 சந்தோஷ் கோப்பை பெங்களூரிலேயே நடந்தது. எனக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. இறுதியில் வங்காளத்தை வென்று மைசூர் தொடர்ந்து இரண்டாம் வருடமாகக் கோப்பையை வாங்கியது. ஆட்டத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது மிகக் குறைவு. பெரியவர்களின் முதுகுதான் தெரிந்தது. அன்று இரவு தெருவில் கேட்டது முழுவதும் ஞாபகம் இருக்கிறது. சாப்பர்ஸ் தாத்தாவின் டிரம்பெட், கல்யாண பேண்டின் பெரிய டிரம், நாலைந்து தமட்டை, பக்கத்து மசூதித் தெருவிலிருந்து டஃப் அடித்துக்கொண்டு வந்த இளைஞர்கள். யாரும் யாருக்கும் சுருதி சேர்க்கவில்லை. யாரும் தூங்கவும் இல்லை.

மேளம் நின்ற கதை

அதற்குப் பிறகு மைசூர் கர்நாடகம் ஆயிற்று, கோப்பை வரவில்லை. ஏன் என்று கேட்டால் பலரும் கிரிக்கெட்டைக் கைகாட்டுவார்கள். 1983-க்குப் பிறகு டி.வி.யில் கிரிக்கெட் வந்தது, பிள்ளைகள் மட்டையைத் தூக்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது பாதிக் காரணம். மறு பாதி வேலை. 1990-களில் பொதுத்துறை ஆலைகள் புதிதாக ஆள் எடுப்பதைக் குறைத்தன. விளையாட்டுக் கோட்டாவில் வேலை என்ற வாசல் ஒடுங்கியது. பந்து ஆடினால் அடுப்பு எரியும் என்ற நம்பிக்கை போனபோது தாய்மார்கள் திட்டத் தொடங்கினார்கள். ஐ.டி.ஐ. தேசிய லீக் வரை போன அணி. எச்.ஏ.எல். 2010-ல் ஐ-லீக்குக்கு ஏறி 2012-ல் இறங்கியது. ஆலை அணி தளர்ந்ததும் அதற்கு ஆள் கொடுத்த தெரு அணியும் தளர்ந்தது.

கிரவுண்டுகளும் சுருங்கின. காலி இடம் என்றால் இந்த நகரத்துக்குக் கை அரிக்கும். கம்பி வேலி போட்டு, நடைபாதை போட்டு, பெஞ்சு போட்டு, பந்து விளையாடக் கூடாது என்று பலகை வைத்துவிடுவார்கள்.

மேளக்காரர்கள் எங்கே போனார்கள்? சிலர் சினிமா ஆர்கெஸ்ட்ராவுக்கு, சிலர் ஊர்வலத்துக்கு. மேட்ச் நடந்தாலும் ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பாட்டு போட்டுவிடலாம் என்று ஆனபோது அவர்களைக் கூப்பிட அவசியம் இல்லாமல் போயிற்று. பெட்டிக்கு ஒரு குறை உண்டு. கோல் விழுமுன் மைதானம் மூச்சைப் பிடித்துக்கொள்கிற அந்த நொடி அதற்குத் தெரியாது. எங்கள் தமட்டைக்காரர் அந்த நொடியில் குச்சியைத் தோலின் மேல் வைத்துக் காத்திருப்பார்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன

இப்படி அணியையும் மேளத்தையும் இழந்தது நாம் மட்டும் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி இருந்தது. உழைக்கிற மக்கள், பல நாட்டிலிருந்து குடியேறியவர்கள் வாழ்ந்த பகுதி. 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரைக் களமிறக்கி, பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்தது அந்த அணிதான். அதற்கும் தெரு மேளம் உண்டு. ரசிகர்கள் சிலர் டிரம்மும் டிரம்பெட்டும் எடுத்துக்கொண்டு அபசுரமாக வாசித்துக் கேலரியைச் சுற்றி வருவார்கள். அந்தக் குழுவுக்கு 'டாட்ஜர் சிம்-ஃபோனி' என்று பெயர். நடுவர்கள் மைதானத்துக்குள் வரும்போது மூன்று குருட்டு எலிகளைப் பற்றிய குழந்தைப் பாட்டை வாசித்துக் கேலி செய்வார்கள். நம் ரெஃப்ரி பாட்டின் அமெரிக்கச் சொந்தக்காரன்! 1942 முதல் கிளாடிஸ் குட்டிங் என்ற அம்மையார் அங்கே ஆர்கன் வாசித்தார். 1955-ல் அணி உலகத் தொடரை வென்றது. 1957-ம் வருட ஆட்டங்கள் முடிந்ததும் அதன் உரிமையாளர் அணியை லாஸ் ஏஞ்சல்சுக்குக் கொண்டுபோய்விட்டார். 1960-ல் மைதானத்தையே இடித்தார்கள்.

அணி போயிற்று, மைதானமும் போயிற்று. ஆனால் அங்கே எந்தப் பாட்டை எப்போது வாசித்தார்கள் என்பது அல்சூரில் பிறந்த எனக்கே தெரிகிறது. எழுதி வைத்தார்கள். டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் என்ற வரலாற்றாசிரியர் அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர். அவர் 1997-ல் அந்த அணியை நேசித்த தன் சிறுவயதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார்.

அவ்வளவு தூரம் வேண்டாம், கல்கத்தாவைப் பாருங்கள். 1911-ல் மோகன் பகான் ஆங்கிலேயப் பட்டாளத்தை வென்றதை அந்த ஊர் இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறது. 1971-ல் வந்த 'தன்யி மேயே' என்ற வங்காளப் படத்தில் மன்னா டே பாடிய கால்பந்துப் பாட்டு அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் ஊரில் பிறந்து வளர்ந்த அகமது கானின் பெயர் நம் தெருவைவிட அங்கே அதிகமாகப் புழங்குகிறது. அவர் 2017 ஆகஸ்டில் இதே பெங்களூரில்தான் காலமானார். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புதிய பாட்டு

பழையது எல்லாம் உயர்வு, புதியது எல்லாம் தாழ்வு என்று பேசுவது என் போன்ற வயதுக்காரர்களுக்கு வசதி. அந்த வசதியை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. 2013-ல் பெங்களூரு எஃப்.சி. தொடங்கியபோது, பணக்காரக் கம்பெனி வாங்கிக் கொடுக்கிற அணிக்கு யார் பாடுவார்கள் என்று எங்கள் தெருவில் சிரித்தார்கள். அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கக் கேலரியில் இளைஞர்கள் டிரம்மோடு வந்து நின்றார்கள். 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். முதல் வருடமே அணி ஐ-லீக்கை வென்றது. ஆட்டம் கண்டீரவா ஸ்டேடியத்துக்கு மாறியபோதும் அந்தப் பழைய கேலரியின் பெயரை அவர்கள் விடவில்லை. நின்ற இடத்தின் பெயரைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிற ரசிகனை நான் மதிக்கிறேன்.

2016 அக்டோபர் 19 அன்று கண்டீரவாவில் இருந்தேன். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதி. நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று அடித்து, அந்த இறுதிக்குப் போன முதல் இந்திய அணியானது பெங்களூரு. சுனில் சேத்ரி இரண்டு கோல் போட்டார். ஆட்டம் முழுவதும் அந்தப் பிள்ளைகள் பாடுவதை நிறுத்தவே இல்லை. மெட்டுகளில் பாதி ஐரோப்பாவிலிருந்து வந்தவை. இருக்கட்டும், எங்கள் மெட்டும் சினிமாவிலிருந்து எடுத்ததுதானே. அவர்கள் நம்மைவிட ஒன்றில் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு பாட்டையும் எழுதுகிறார்கள், பதிவு செய்கிறார்கள், அடுத்து வருகிறவனுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஆனால் அந்த டிரம் வரிசையில் ஒரு தமட்டை இல்லை என்பதையும் பார்த்தேன். அவர்கள் தள்ளி வைத்ததால் வந்ததல்ல இது. கௌதமபுரத்துக்கும் அந்தக் கேலரிக்கும் நடுவில் அறிமுகம் செய்துவைக்க ஆள் இல்லை.

2023 மார்ச் 4 அன்று கர்நாடகம் மறுபடி சந்தோஷ் கோப்பையை வென்றது. மேகாலயத்தை 3-2 என்று தோற்கடித்தார்கள். 54 வருடக் காத்திருப்பு. இறுதி ஆட்டம் நடந்த இடம் சவுதி அரேபியாவின் ரியாத். நான் வீட்டில் செல்போனில் பார்த்தேன். ஜெயித்ததும் தெருவுக்கு வந்து நின்றேன். யாருக்கும் செய்தி தெரியவில்லை. முன்பு தெருமுனையில் அடிக்கிற தமட்டை சொல்லிவிட்டிருக்கும்.

செய்ய வேண்டியது

ஆகவே மூன்று கோரிக்கைகளோடு முடிக்கிறேன்.

ஒன்று, ஸ்டேடியத்தை நடத்துகிறவர்களுக்கும் ரசிகர் மன்றத் தம்பிகளுக்கும். உங்கள் டிரம் வரிசையில் தமட்டைக்கு ஓர் இடம் கொடுங்கள். சம்பளம் கொடுத்து, பெயர் சொல்லி, வரிசையின் நடுவில் நிறுத்துங்கள். ஓரத்தில் வேண்டாம்.

இரண்டு, வார்டு பிரதிநிதிகளுக்கும் மாநகராட்சிக்கும். மிச்சம் இருக்கிற தெருக் கிரவுண்டுகளில் பந்து விளையாடத் தடை போடும் பலகைகளை எடுத்துவிடுங்கள். புதிய கோப்பை வேண்டும் என்று கேட்கவில்லை. பழைய புழுதி இருந்தால் போதும்.

மூன்றாவது உங்களுக்கு. இந்தக் கூட்டத்தில் தலை நரைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பலர் அந்தக் கிரவுண்டுகளில் ஆடியவர்கள், வாசித்தவர்கள், கத்தியவர்கள். உங்கள் தெரு அணிக்கு என்ன பாட்டு இருந்தது, எந்தப் படத்து மெட்டு, கார்னருக்கு எந்த அடி, கோலுக்கு எந்த அடி, அடித்தவர் பெயர் என்ன, எந்தத் தெரு என்று சொல்லுங்கள். இளைஞர்களே, உங்கள் கையில் இருக்கிற போனிலேயே அதைப் பதிவு செய்யுங்கள். ரெஃப்ரி பாட்டையும் விட்டுவிடாதீர்கள். வரலாற்றுக்குக் கெட்ட வார்த்தை கிடையாது. ஒரு தெருவுக்கு ஒரு பாட்டு கிடைத்தால்கூட ஒரு புத்தகம் ஆகும். அதை அச்சுப் போடுகிற செலவைப் பகிர்ந்துகொள்ள நான் தயார். வெளியே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போகுமுன் உங்கள் தெருவின் பெயரையும் அணியின் பெயரையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். மற்றதைக் கேட்டு வாங்க நாங்களே உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.